பின் சக்கரத்தில் ஒட்டியது

யட்டியாந்தோட்டைக்கு இரண்டு கட்டை தூரம் இருக்கும்போது, வேகம் ஐம்பதைத் தொட்டதும் கார் மறுபடியும் ஆட ஆரம்பித்தது. காய்ந்த ரோட்டில் ஒழுங்காகப் போகும். மழை பெய்து ரோடு நனைந்துவிட்டால் போதும், சனியன், பேய் பிடித்த மாதிரி உதறும். மூன்று வாரமாக இதே கூத்து. முன் டயர் இரண்டையும் மாற்றியாயிற்று, பேலன்ஸ் பண்ணியாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. ஹயர் ஓடிப் பிழைக்கிறவன் நான். இப்படி உதறுகிற காரில் எவன் ஏறுவான்? ஆனால் அன்றைக்கு என் எரிச்சல் காரின்மேல் மட்டும் இல்லை. பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்த என் மனைவி விஜயகலாமேலும்தான்.

அவள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறாள். பாலில் தண்ணீர் கலந்து நிறுத்துக் கொடுத்தாள் என்று அவள்மேல் குற்றம். ஸ்டோரில் வாளிக்குள் மீட்டரை மிதக்கவிட்டால் தண்ணீர் சேர்ந்தது தெரிந்துவிடும். நான்கு தடவை தெரிந்திருக்கிறது. அன்று இரண்டு மணிக்குத் தோட்டத்து ஒபிஸில் துரை முன்னால் விசாரணை. வேலை போனால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். தலைவர் சுந்தரலிங்கம்தான் ஒரு வழி சொன்னார். "கலந்தேன்னு ஒத்துக்கிட்டு கையெழுத்து வெச்சிரட்டும் தம்பி. தொரைகிட்ட பேசி வேலைய நான் காப்பாத்திர்றேன்." எங்கள் தோட்டத்தில் சங்கத் தலைவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதுவும் எங்கள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தி வைத்த மனுசன். அவர் பேச்சையும் இவள் கேட்க மாட்டேன் என்கிறாள். காரைக் காட்டப் போகிற வழியில் பேசிப் பார்க்கலாம் என்றுதான் அவளையும் கூட்டி வந்தேன்.

"வெச்சிட்டுப் போயேன். ஒரு கையெழுத்துதானே?" என்றேன்.

"கலக்காத பாலுக்கு எதுக்குங்க கையெழுத்து?"

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?"

சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜாபிர் நானாவின் கராஜில் நான் கதையை ஆரம்பிக்கும் முன்பே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்டே ஒண்டு சொல்லுங்க. ஸ்டியரிங் ஆடுதா, சீட் ஆடுதா?"

"சீட்டுதான் நானா. இடுப்பு கழண்டு போகுது."

"அப்ப கோளாறு பின்னுக்கு. முன்னுக்கு டயர் மாத்தி என்ன பிரயோசனம்? எல்லாம் செஞ்சு முடிச்சிட்டுத்தான் ஜாபிர்ட ஞாபகம் வரும்."

ஜாக் அடித்து இடது பின் சக்கரத்தைக் கழற்றிப் புரட்டிப் போட்டார். ரிம்மின் உட்பக்கம் ஓரிடத்தில் மட்டும் கைப்பிடி அளவுக்குச் செம்மண் சேறு அப்பியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினார். மேலே இருந்த சேறு கொட்டியது. அடியில் இருந்ததோ இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது.

"இந்தா ஈக்கிது உங்கட பேய்," என்றார். "மழைக்குச் சேறும் தண்ணியும் இதுல வந்து அடையிது. ஒரு பக்கம் மட்டும் பாரம். அதுதான் உதறல். வெயிலுக்குச் சேறு காஞ்சி உதிர்ந்தா சரியாப் போயிரும். ஆனா இது என்ன சாமான்?"

தகரக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்ற விஜயகலா வந்து குந்தினாள். விரலால் அமுக்கி, முகர்ந்து பார்த்தாள்.

"ஒட்டுப்பாலு," என்றாள்.

சிந்திய ரப்பர் பால் அப்படியே உறைந்தால் அதுதான் ஒட்டுப்பால். பால் வெட்டுகிறவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானாவிடம் கத்தி வாங்கிக் கட்டியைப் பெயர்த்து, குறுக்கே ஒரே இழுப்பில் அறுத்தாள். உள்ளே கறுப்பு, அடுத்து பழுப்பு, பிறகு மஞ்சள், வெளியே வெள்ளை. "நாலு தடவ ஊத்துப்பட்டிருக்கு. ஒண்ணு காஞ்ச பொறவுதான் அடுத்தது." நானா டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். சக்கரத்துக்கு நேர் மேலே தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதைச் சுற்றி வெள்ளைத் தடம்.

"நம்ம காருல யாரு பாலு ஏத்தினது?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயோ, நான் இல்ல புள்ள!" என்று கத்தினேன். கத்தும்போதே ஞாபகம் வந்தது. தன் மகள் ஷாமிளாவைக் கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் ஒருத்தர்தான். நான்கு செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு தடவையும் பகலுக்குள் கொண்டுவந்து விடுவார், டிக்கிவரை கழுவித் துடைத்து. என்ன ஒரு சுத்தமான மனுசன் என்று இவளிடமே மெச்சியிருக்கிறேன்.

"தலைவரு," என்றேன்.

விஜயகலா கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீட்டர் எறங்கினதும் அதே நாலு செவ்வாக்கெழமதான்," என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அவளுடைய கடைசி மரங்கள் பள்ளத்தில் நிற்கின்றன. நிறைந்த வாளிகளை ரோட்டோரம் வைத்துவிட்டு மிச்சப் பாலை எடுக்கக் கீழே இறங்குவாள்; எல்லாப் பெண்களும் செய்வதுதான். அந்த நாட்களில் தலைவர் காரை நிறுத்தி இறங்கியிருக்கிறார். மகளைக் கிளினிக்கில் விட்டுவிட்டுச் சும்மா வந்தேன் என்றிருக்கிறார். "நீ போய் எடுத்துட்டு வா புள்ள. மாடு கீடு தட்டிராம நான் பாத்துக்கிறேன்னாரு. பாலை எடுத்துக்கிட்டுத் தண்ணிய ஊத்தி வெச்சிருக்காரு. நான் ஏறி வந்து, என் போத்தல்ல இருந்த தேத்தண்ணிய அவருக்கு ஊத்திக் குடுத்தேங்க."

பாவி, என் காரைக் கொண்டே என் பெண்டாட்டி வயிற்றில் அடித்துவிட்டானே! ஒத்துக்கொண்டு கையெழுத்து வைக்கச் சொன்னதும் தன் திருட்டை மூடத்தானா? "நாசமாப் போறவன். அவன் காலை ஒடிக்கிறேனா இல்லையா பாரு."

"அவரு திருடினாரு," என்றாள். "ஆனா நான் கலக்கலன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணினேனே, அத நீங்க நம்பலயே."

நானா தலையைக் குனிந்துகொண்டு ரிம்மைச் சுரண்டினார். ஒட்டுப்பாலை எறியப் போனவரைத் தடுத்து, ஒரு பையில் போட்டு வாங்கிக்கொண்டாள். காரில் முன்னால் ஏறாமல் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

தோட்டத்துச் சந்தியில், பேசி வைத்தபடி, தலைவர் குடையோடு காத்திருந்தார். இடுப்பில் கஞ்சி போட்ட வெள்ளைச் சாரம், மேலே வெள்ளைச் சட்டை. குடையை மடக்கி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் கியரைப் போட்டேன். மழை வலுத்திருந்தது. ரோடெல்லாம் தண்ணீர். கார் ஒரு சிறு நடுக்கம்கூட இல்லாமல் ஓடியது.

"அட, இன்னைக்கு ஆடலயே தம்பி," என்றார். "என்ன கோளாறாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து விஜயகலாவின் கை நீண்டு வந்தது. கட்டியை அவர் மடியில் வைத்தது.

இது என்ன என்று அவர் கேட்கவில்லை. முப்பது வருடம் பால் வெட்டியவர். கை மட்டும் கதவுப் பிடிக்குப் போனது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"தொரைகிட்ட எனக்காகப் பேசுறேன்னீங்களே தலைவரே," என்றாள். "என்ன பேசுவீங்கன்னு இப்பவே சொல்லுங்க, கேப்போம்."

அவர் குனிந்தபடியே இருந்தார். ஒபிஸ் கேட் தெரிந்தது. அறுத்த கட்டியிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்து, வெள்ளைச் சாரத்தில் சிவப்பாகப் பரவிக்கொண்டிருந்தது.