பள்ளத்தின் கணக்கு

பரமக்குடிக்குத் தெற்கே அந்த ஊரில் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால், மாதவிலக்கான பெண்கள் ஊருக்கு வெளியே முட்டுவீட்டில்தான் கிடக்கவேண்டும். கொடிமரத்தைச் சுற்றி நட்ட எல்லைக்கல்லுக்குள் அவர்கள் கால் படக்கூடாது. பூமயிலுக்கு அது வந்த நேரம் இருக்கிறதே, பிளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள்!

பஸ் நிற்கும் இடம் எல்லைக்கு அந்தப் பக்கம். சுற்றிப் போகலாமென்றால் ஒரே கருவேலங்காடு. பரீட்சை போனால் படிப்பும் போச்சு, வைகாசியில் கல்யாணம் என்று அய்யா தவசி சொல்லிவிட்டார். அவரோ காப்புக் கட்டியிருந்தார். பரீட்சையன்று சாயங்காலம் பூக்குழி இறங்கித் தீ மிதிக்கவேண்டும்.

விடிந்ததும் அம்மா சோணையம்மாள் வந்து எட்ட நின்றாள்.

"அழுகாத ஆத்தா. காஞ்ச கண்மாய்க்குள்ள எறங்கிப் போயிரு. மேட்டுல போனாத்தேன் கொடிமரம் கிட்ட. பள்ளத்துல போனா தூரம் கூடிரும்ல? எல்லாப் பொம்பளையும் அப்படித்தேன் போவாக."

கண்மாய் எல்லைக்கல்லுக்கு உள்ளேதான் கிடந்தது. பள்ளத்துக்குச் சலுகை உண்டென்று ஊர் முடிவு செய்திருந்தது. சாமியிடம் கேட்டார்களா என்று தெரியவில்லை. பூமயில் நம்பி இறங்கிப் போனாள்.

பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி: (3, 4, 12) என்ற புள்ளி z-அச்சிலிருந்து எவ்வளவு தூரம்?

z-அச்சு கொடிமரம்போல நட்டமாக நின்றது. மேலேயும் முடிவில்லை, கீழேயும் முடிவில்லை. புள்ளி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பள்ளத்தில் இருந்தாலும் அச்சுக்குப் பக்கவாட்டுத் தூரம்தான் கணக்கு. பன்னிரண்டைத் தூக்கி எறிந்துவிடவேண்டும். மூன்றும் நாலும் போதும். ஐந்து.

இத்தனை நாள் மனப்பாடம் செய்தது இப்போதுதான் புரிந்து தொலைத்தது. பன்னிரண்டையும் சேர்த்துப் பதின்மூன்று என்று போட்டால் அம்மா சொன்னது சரி. ஐந்து என்று போட்டால், பள்ளத்தில் போனாலும் எல்லைக்குள் போனவள்தான். இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தாள். கடைசியில் ஐந்து என்றுதான் எழுதினாள்.

சாயங்காலம் முட்டுவீட்டில் உட்கார்ந்து குலவைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது பாதியில் நின்றது.

இருட்டும் முன் அம்மா ஓடிவந்தாள். "அய்யாவுக்குக் காலு வெந்துபோச்சு ஆத்தா. எவளோ தீட்டோட எல்லைக்குள்ள வந்துட்டான்னு பேசிக்கிறாக. நீ பள்ளத்துலதான போன?"

"ஆமாம்மா. பள்ளத்துலதேன் போனேன்."

"அப்ப நீயில்ல" என்று அம்மா பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனாள்.

பூமயில் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தப்பாக எழுதத் தெரிந்திருக்கக்கூடாதா என்று நினைத்து நினைத்து அழுதாள்.