ஒரு புத்திமுட்டும் இல்லை

விடிவதற்கு முன்பே சாலை பஜாரின் மிளகாய் வற்றல் கிட்டங்கியில் முப்பது பெண்கள் குந்தியிருந்து காம்பு கிள்ளத் தொடங்கிவிடுவார்கள். சாக்கைக் கவிழ்த்ததும் எழும் நெடி முதலில் மூக்கைப் பிடிக்கும், பிறகு கண்ணை, பிறகு தொண்டையை. மற்றவர்கள் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். வடிவம்மாளுக்கு அந்த வழி கிடையாது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனவள் அவள். நாளொன்றுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவளுக்கு விதித்திருந்தது. கஞ்சியும் காப்பியும் அதில் அடக்கம். வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு கிள்ளுவாள். டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற இடது கை நரம்பு கயிறு போலப் புடைத்திருக்கும். அதில் வற்றல் தூள் படாமலிருக்கப் பழஞ்சேலைத் துணியைச் சுற்றியிருப்பாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. வாரத்தில் செவ்வாயும் சனியும் அவளுக்கு டயாலிசிஸ் நாள். ஒரு சாக்கை முடித்துவிட்டு ஆறரைக்குள் தம்பானூரில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தலை இரண்டாகப் பிளந்துவிடும் போல வலித்தது. கண்முன்னே பூச்சி பறந்தது. புது ஊசி போடத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதமாக இதே பாடுதான். இதை அவள் வீட்டில் சொல்லலாம், கிட்டங்கியில் சொல்லலாம், வழியில் போகிறவனை நிறுத்தி வைத்தும் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் மட்டும் மூச்சு விடக் கூடாது.

காரணம் இருந்தது. களக்காட்டிலிருந்து இந்த மலையாள ஊருக்குக் கட்டட வேலைக்கு வந்த புருஷனும் அவளும் சேர்த்து வைத்ததெல்லாம் முதல் ஆறு மாத டயாலிசிஸிலேயே கரைந்துவிட்டது. கைவிரித்து நின்றபோதுதான் ஆஸ்பத்திரி முதலாளியான டாக்டர் பத்மகுமார் கூப்பிட்டுச் சொன்னார். இரத்தம் ஊறுவதற்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒரு புது ஊசி கண்டுபிடித்திருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கிற ‘ஸ்டடி’யில் சேர்ந்தால், சேர்ந்திருக்கிற நாள் வரைக்கும் டயாலிசிஸ் இலவசம். பதினாலு பக்க ஆங்கிலக் காகிதத்தில் வடிவம்மாள் கையெழுத்துப் போட்டாள். கிணற்றில் விழுந்தவனிடம் ஏணியை நீட்டினால் அது யாருடைய ஏணி என்று அவன் கேட்பானா?

அந்தக் காகிதத்தில் ஒரு விதி ஒளிந்திருந்தது. இரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டினாலோ, தலைவலி, பார்வை மங்கல் என்று இரண்டு தடவை எழுதப்பட்டாலோ, நோயாளியின் நன்மையைக் கருதி அவரை ஸ்டடியிலிருந்து விலக்கிவிடுவார்கள். இலவச டயாலிசிஸும் அத்தோடு சரி. நன்மையாம் நன்மை! லாட்ஜில் சமையல் வேலை பார்த்த அழகியநம்பி தலைவலி என்று இரண்டு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னார். நன்றி தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் நெஞ்சில் நீர் கோத்து, படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே செத்துப்போனார்.

அதற்குப் பிறகு ஸ்டடியில் யாருக்கும் எந்தக் கோளாறும் வரவில்லை. காலையில் ஆறு பேர், மத்தியானம் ஆறு பேர். ஸ்டடிக் காகிதம் எழுதுகிற ஸ்ரீலட்சுமி கட்டில் கட்டிலாக வந்து கேட்பாள்: “எந்தெங்கிலும் புத்திமுட்டு உண்டோ?” ஏதாவது தொந்தரவு உண்டா என்று அர்த்தம். பன்னிரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல ஒரே பதில் சொல்வார்கள்: “ஒரு புத்திமுட்டும் இல்ல.”

வாய் பொய் சொல்லும். அழுத்தம் பார்க்கிற கருவி சொல்லாதே. அதற்கும் வடிவம்மாள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மருந்துக் கடையில் ஒரு குளிகை கிடைக்கும். கடித்து நாக்குக்கு அடியில் வைத்தால் அரை மணி நேரத்தில் அழுத்தம் சரசரவென்று இறங்கும். யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதமாக அப்படித்தான் ஓட்டினாள். ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். அது பக்கத்துக் கட்டில் கௌசல்யா. சாலை பஜார் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை, இருபத்தாறு வயது. ‘யக்கா, யக்கா’ என்று ஒட்டிக்கொண்ட அந்தப் பெண் விலக்கப்பட்டுவிடுவாளோ என்ற பயம் வடிவம்மாளுக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை கௌசல்யா ஓட்டமும் நடையுமாகத் தாமதித்து வந்தாள். முகம் சிவந்து வீங்கியிருந்தது. ஒரு குளிகையை வாசலிலேயே கடித்துவிட்டதாகவும், இன்னும் தலைவலி குறையவில்லை என்றும் சொன்னாள். வடிவம்மாள் மடியிலிருந்து குளிகை அட்டையை எடுத்தாள். “இன்னொண்ணும் போடு, மெனக்கெடாத. ஸ்ரீலட்சுமி வந்துருவா.”

கௌசல்யாவுக்குக் கருவி நூற்றறுபது காட்டியது. புத்திமுட்டு இல்லை. ஸ்ரீலட்சுமி எழுதிக்கொண்டு நகர்ந்தாள்.

மிஷின் இரண்டு மணி நேரமாக உடம்பிலிருந்து நீரை உறிஞ்சியது. ஏற்கெனவே இறங்கிய அழுத்தம் மேலும் இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் கௌசல்யா கொட்டாவி விட்டாள். மறுபடி மறுபடி விட்டாள். “யக்கா, லைட்ட அணைச்சுட்டாங்களா?” என்று கேட்டாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. நர்சுகள் ஓடிவந்து காலைத் தூக்கினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், பிறகு திரையை இழுத்தார்கள். வடிவம்மாள் தன் குழாயில் கட்டுண்டு இரண்டு மணி நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பதினொரு மணிக்கு அதே கட்டிலில் விரிப்பை மாற்றி மத்தியான ஆள் சரோஜத்தைப் படுக்க வைத்தார்கள்.

ஊசி பிடுங்கியதும் வடிவம்மாள் நேரே டாக்டரின் அறைக்குப் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பத்மகுமார் எழுந்து கதவைச் சாத்தினார்.

“நீங்க இப்போ பறஞ்சத நான் கேட்டதே இல்ல” என்றார். “இதய ஸ்தம்பனம்னு எழுதியாச்சு. ஊசிக்கு அதுல சம்பந்தமில்ல.”

“ஊசியினாலதான சாரே குளிகை போட்டோம்?”

“போட்டோமா? அப்போ கொடுத்தது நீங்கதானே? போலீஸ் வந்தா யார பிடிக்கும்? விதி மீறினதுக்கு எல்லாரையும் வெளிய விடணும். பின்ன எங்க போயி டயாலிசிஸ் செய்வீங்க?” குரலைத் தாழ்த்தினார். “ஊசி கொள்ளாம், நல்ல ஊசி, வடிவம்மா. ரெண்டு மாசமா ஒருத்தருக்கும் ஒரு குழப்பமும் இல்ல. நீங்க எல்லாரும் சொன்னதுதான். அத வச்சு அடுத்த மாசம் வேற ஆஸ்பத்திரிகள்ல எரநூறு பேருக்குத் தொடங்குறாங்க.”

வடிவம்மாள் கதவைத் திறந்து வெளியேறினாள். உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். ஒரு உயிரை எடுத்ததோடு அது நிற்கவில்லை; முகம் தெரியாத இருநூறு பேரின் வாசலில் போய் நிற்கிறது. தன் நாக்கையே பிடுங்கி எறிய வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிழலில் காலைக்கட்டில்காரர்கள் இரண்டு பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் யூசுப், தையல்காரர், அறுபதை நெருங்கியவர். இன்னொருவன் பிச்சைக்கனி. சாலை பஜாரில் லாரிச் சுமை இறக்கியவன். இப்போது யூனியன் ஆபீசைக் காவல் காக்கிறான். அவர்கள் முன்னால் வடிவம்மாள் குளிகை அட்டையை எடுத்துப் போட்டு, “நாந்தான் கொன்னேன்” என்றாள்.

பிச்சைக்கனி தன் நீலச் சட்டைப் பையிலிருந்து அதே மருந்தின் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். யூசுப் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். அதற்குள்ளும் அதே அட்டை. தான் மட்டும்தான் கள்ளத்தனம் செய்கிறோம், மற்றவர்களுக்கெல்லாம் ஊசி ஒத்துக்கொண்டது என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் பயந்து, ஒரே மருந்தை ஒரே கடையில் வாங்கியிருக்கிறார்கள்.

இருநூறு பேர் விஷயத்தையும் சொல்லி, சனிக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றாள் வடிவம்மாள். சொன்னால் அழகியநம்பி போன வழிதான் என்றார் யூசுப். அவர் பயந்ததில் தப்பில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற மகள் இருந்தாள்.

“யூசுப் காக்கா, சாக்க ஒருத்தன் மட்டும் கீழ வச்சா அவனத்தான் வெளிய தள்ளுவான்” என்றான் பிச்சைக்கனி. “அத்தன பேரும் வச்சா லாரி நகராது. நம்மள விட்டா இவனுக்கு ஸ்டடி ஏது? ஊசியப் போட அவனுக்கு மேலு வேணும்லா, நம்ம ஒடம்பு.”

மறுநாள் மத்தியான ஆட்களின் வீடுகளுக்கு அவர்களோடு யூசுப்பும் நடந்தார். சரோஜம் கதவைத் திறந்து, கேட்டு, அழுது, கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். காலைக்கட்டிலில் மிச்சமிருந்த இருவர் மட்டும் சம்மதித்தார்கள். மூச்சு வாங்க வாங்க இரண்டு நாள் நடந்தும் மத்தியானக்காரர்களில் ஒருவரும் உறுதி சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் ஐந்து பேர் குளிகை போடாமல் வந்து படுத்தார்கள். வடிவம்மாளுக்குப் பிடரியில் சம்மட்டி அடித்தது. ஸ்ரீலட்சுமி முதல் கட்டிலில் யூசுப்பின் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். இருநூற்றாறு. மறுபடி அடித்தாள். அதே இருநூற்றாறு. “புத்திமுட்டு உண்டோ?” என்று கேட்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

யூசுப் மேற்கூரையைப் பார்த்தார். “உண்டு மோளே” என்றார். “மூணு மாசமாட்டு உண்டு.”

அடுத்த கட்டிலில் பிச்சைக்கனி உண்டு என்றான். அதற்கடுத்த இரண்டு கட்டில்களிலும் உண்டு. யாரோ போய்ச் சொல்லி பத்மகுமார் வேகமாக உள்ளே வந்தார். எழுத வேண்டாம் என்று ஸ்ரீலட்சுமியிடம் மலையாளத்தில் சொல்லிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார். இன்றோடு ஐந்து பேருக்கும் ஸ்டடி முடிந்தது, செவ்வாய்க்கிழமை யாரும் வர வேண்டாம் என்றார்.

“முடிச்சுக்கோங்க சாரே” என்றான் பிச்சைக்கனி. “ஏன் முடிச்சீங்கன்னு அஞ்சு ஸ்டடிக் கடலாசிலயும் எழுதணுமில்லா, அத எழுதுங்க. செவ்வாக்கிழம நாங்க வருவோம். கூட சாலை யூனியன்காரங்களும் வருவாங்க. டயாலிசிஸ் எங்க, எப்படின்னு அப்பம் பேசலாம்.”

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. பதினொரு மணிக்கு வர வேண்டிய சரோஜம் ஏழு மணிக்கே நின்றாள். அவளுக்குப் பின்னால் மத்தியானக்காரர்கள் நாலு பேர். சரோஜம் டாக்டரைப் பார்க்கவில்லை. நேரே ஸ்ரீலட்சுமியிடம் வந்து சேலைத் தலைப்பை ஒதுக்கி, அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மிஷின் ஓடுமா, அதற்கடுத்த சனிக்கிழமை யார் யார் உயிரோடு இருப்பார்கள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. பத்மகுமார் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஸ்ரீலட்சுமி ஸ்டூலை இழுத்து வடிவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, “பறயூ அம்மா, சொல்லுங்க” என்றாள்.

“எனக்கும் உண்டு. கௌசல்யாவுக்கும் இருந்துது” என்றாள் வடிவம்மாள். “குளிகை குடுத்தது நாந்தான். எம் பேரையே போடுங்க. எதுக்குக் குடுத்தேங்கிறதையும் சேத்து எழுதுங்க.”

ஸ்ரீலட்சுமி அதை அப்படியே எழுதினாள். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று பிச்சைக்கனி சொன்னதால், வடிவம்மாள் தலையை உயர்த்தி, முதல் நாளிலிருந்து உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.