சலவைக்கடை மாடியில் பிறந்த பாட்டு

"நீ ஓடுறே! பாட்டையும் இழுத்துக்கிட்டு ஓடுறே!"

"நீ நொண்டியடிச்சா நான் என்ன பண்றது?" டிரம் குச்சியை அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டினாள் தங்கை. தெரு அவளுக்கு வைத்த பெயர் டமாரம். அப்பாவின் சலவைக்கடைக்கு மேலே இருந்த அறையில் அண்ணன் தங்கை சண்டை என்றால், கீழே துணி வாங்க வந்தவர்கள் வாங்கிய துணியையே திரும்ப எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவு அக்கறை.

விஷயம் இதுதான். முந்தின நாள் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுக்காரன் அவள் காதில் 'டிக் டிக்' என்று தாளம் ஓடவிட்டான். கடைசிப் பல்லவி வந்ததும் அவள் அதைத் தாண்டி ஓடிவிட்டாள். எத்தனை முறை எடுத்தாலும் அதே கதை. "டிரம்ஸை மிஷின்ல போட்டுக்கலாம்" என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். மெட்டே அவள் போட்டது என்பது மகராசனுக்கு மறந்துபோயிற்று.

தன் பாட்டில் தான் இல்லாமல் போவதா? அழுதால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்று அழுகையை விழுங்கிக்கொண்டாள். "ஒரு தடவை இங்கேயே எடுக்கலாம். அப்பவும் சரியில்லேன்னா மிஷினையே கட்டிக்கிட்டு அழு."

ஒலிப்பதிவுக்காரன் மைக்குகளைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறினான். அண்ணனும் தங்கையும் வழக்கம்போல, கீழே பெரிய சலவை மிஷினில் தண்ணீர் வடியும் சத்தம் கேட்டதும் தொடங்கினார்கள். கடைவேலைக்கு நடுவில் அப்பா விட்டுக்கொடுக்கும் நேரம் அவ்வளவுதான். மிஷின் துணியைப் பிழிந்து முடித்தால் இருவரும் இறங்கி ஓட வேண்டும்.

கடைசிப் பல்லவி. கீழே மிஷின் பிழியச் சுழன்றது. தரை அதிர்ந்தது. அவள் வேகம் ஏறியது. அதோடு அண்ணனின் கிடாரும் குரலும் ஒரு நூல் பிசகாமல் ஏறின.

"அடப்பாவிகளா, இங்கேயே வாசிச்சுப் பழகி ரெண்டு பேருமே கீழே இருக்கிற மிஷினோட சேர்ந்துதான் ஓடுறீங்க!" என்றான் ஒலிப்பதிவுக்காரன். கை தட்டவும் செய்தான். பதிவைப் போட்டுக் கேட்டபோது அண்ணனின் காலும் தானாகத் துள்ளியது.

கீழேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "சத்தமா இருக்கா? மிஷினை நிறுத்தவா?"

"வேணாம்!" என்று மூன்று பேரும் அலறினார்கள்.

பாட்டு வெளிவந்ததும் பேருந்து, முடிதிருத்தகம், கல்யாண மண்டபம் எங்கும் அதுதான். கடைசிப் பல்லவிக்கு ஆடி முடித்த மாப்பிள்ளைகள் நாற்காலி தேடினார்கள். சத்தம் தாங்கவில்லை என்று போலீசுக்குப் போன பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், "இந்தப் பாட்டு ஜெயிக்கும்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'துணிச்சலான வேகம்' என்று பத்திரிகை எழுதியது. அண்ணன் பேட்டியில், எல்லாம் யோசித்துச் செய்ததுபோல் தலையாட்டினான். ஆனால் "மெட்டும் டிரம்ஸும் என் தங்கச்சி" என்று முதல் வரியிலேயே சொன்னான். அந்த ஒன்றுக்காக அவனை மன்னித்துவிடலாம்.

ஒலிப்பதிவுக்காரனையும் டமாரத்தையும் தெருவே சேர்த்துவைத்துப் பேசியது. அவனோ பல் டாக்டர் மகளைக் கட்டிக்கொண்டான். அண்ணன் கல்யாணமாகி மாமியார் வீட்டோடு போய்விட்டான், அங்கே கிடாரைத் தொடக்கூடாதாம். டமாரம் பெரிய நகரத்துக்குக் குடிபோய் மூன்று குழுக்களுக்கு வாசிக்கிறாள். கல்யாணம்? கேட்டுப் பார்த்தாயிற்று. "நேரமில்லை"யாம்.