பார்க்குக்கு விட்ட இடம்

“ஒனக்கு எத்தினி புள்ளைங்க?”

ஷூ கம்பெனியில் முத்துமாரி சேர்ந்த புதிதில், பக்கத்து மிஷின் ரெஹானா கேட்டாள். கேட்டுவிட்டு அவள் பாட்டுக்கு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டாள். முத்துமாரிக்குத்தான் கை ஓடவில்லை. ஒன்று என்றால் எங்கே என்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் அது பொய்.

“இல்லக்கா” என்றாள்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், வீட்டுக்குப் போகாமல் நேராக ஏரிக்கரை முள்ளுக்காட்டுக்குப் போனாள். அங்கே ஒரு கள்ளிக்குப் பக்கத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. துணியில் சுற்றிக் கொண்டுபோனதை மட்டும் அவள் பார்த்தாள். பச்சைக் குழந்தையை அந்த ஊரில் எரிப்பதில்லை. முள்ளுக்காட்டில் புதைத்து, தலைமாட்டில் ஒரு கள்ளிக்கொம்பை நட்டுவிட்டு வருவார்கள். கள்ளிக்குத் தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது. பின்னால் எவனாவது மண் வெட்ட வந்தாலும் பார்த்து ஒதுங்கிப் போவான். தாய் அந்தப் பக்கம் போகக்கூடாது. கொம்பு நட்டவன் திரும்பிப் பார்க்கவும் கூடாது, மறுபடி அங்கே போகவும் கூடாது.

நட்டவன் அவள் புருஷன் தயாளன். வந்தான், குளித்தான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ரொம்ப நாள் கழித்து, வண்டியில் ரோட்டோடு போகும்போது அவள்தான், “எங்க?” என்று கேட்டாள். அவன் வண்டியை நிறுத்தாமலே காட்டுப் பக்கம் முகவாயைத் தூக்கினான். “அங்க, கள்ளியாண்ட.” அதோடு சரி. அதைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை முடியும் இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கள்ளி நின்றது. இதுதான் என்று அவள் மனசு சொன்னது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் விறகு வெட்டுகிற சாக்கில் கத்தியோடு வருவாள். முந்தானைக்குள் சின்ன டம்ளரில் பால் இருக்கும். கள்ளியின் அடியில் ஊற்றிவிட்டுப் பேசுவாள். கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டியது, ரெஹானா ரம்ஜானுக்குக் கொடுத்த பிரியாணி, வீட்டில் பல்லி விழுந்தது. வேறு யாரிடமும் அவள் இத்தனை பேசியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டிலிருந்தே ஜேசிபி சத்தம் கேட்டது.

முள்ளுக்காடு பாதிக்குமேல் காணவில்லை. வேரோடு பிடுங்கிப் போட்ட வேலிக்காத்தான் மரங்கள் குவியல் குவியலாகப் புகைந்தன. எந்தக் காலத்திலோ தோல் பதனிடும் ஷாப்காரர்கள் கொண்டுவந்து கொட்டிய நீலத் தோல் சீவல்கள், புரட்டிய மண்ணோடு மேலே வந்து கிடந்தன. சமன் செய்த பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிளாட் பிரித்திருந்தார்கள். பெண்கள் கடப்பாரையால் மிச்ச வேரை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

முத்துமாரி ஓடினாள். ஓரத்தில் கள்ளி நின்றுகொண்டிருந்தது. ஜேசிபி அதைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. இவள் குறுக்கே போய் நின்றாள்.

“யக்கா, நவுறு! முள்ளு எகிறி மூஞ்சில அடிக்கும்!” என்று கத்தினான் டிரைவர் ஹேமந்த். அவள் அசையவில்லை. இஞ்சினை அணைத்தான். “இன்னாக்கா, ரீல்ஸ் எடுக்கிறியா?”

கடப்பாரைப் பெண்கள் சிரித்தார்கள்.

“இங்க ஒரு கொழந்த இருக்குது” என்றாள் முத்துமாரி.

சிரிப்பு நின்றது. ஹேமந்த் கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

குடைநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோதண்டராமன் எழுந்து வந்தார். பிளாட் போடுகிறவர் அவர்தான். “யாரும்மா நீ?”

“தோல் ஷாப்பு தயாளன் இல்ல, அவன் சம்சாரம் சார். அதுவா வாயத் தொறந்து இப்பதான் பாக்கறேன்” என்றாள் வேர் நோண்டிய பூவம்மாள்.

“இத பாரும்மா. இன்னிக்கு கொழந்தம்ப. நாளைக்கு நாலு பேரு வந்து சூலம் நட்டு மஞ்சத்துணி கட்டிடுவாங்க. அப்பறம் எவன் பிளாட்டு வாங்குவான்? எனக்குத்தான் பேஜாரு.”

“நான் ஒண்ணும் கட்டமாட்டேன் சார். இது மட்டும் இருந்தாப் போதும்.”

அவர் கையிலிருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. “இந்த மூல பார்க்குக்கு விட்ட எடம்தான். ஓரமா இருந்துட்டுப் போவட்டும். ஆனா பொதச்ச ஆளு வந்து எங்கிட்ட சொல்லணும். ஆளாளுக்கு ஒரு செடியக் காட்டினா நான் எங்க போறது?”

பூவம்மாள் கள்ளியை மேலும் கீழும் பார்த்தாள். “இது வேலிக்கள்ளி மாதிரில்ல கீது? எங்க மாமனாரு இங்க கேவுரு போட்டப்பவே இருந்திச்சே” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். முத்துமாரி காதில் விழாத மாதிரி போனை எடுத்தாள்.

“ஏரிக்கர காட்ட அழிக்கிறாங்க. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்களாம்.”

மறுமுனையில் தோல் உருட்டும் டிரம்களின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் துண்டிக்கப்பட்டது. வருவானா, தெரியாது. நட்டவன் திரும்பி வரக்கூடாதே.

ஹேமந்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். “பொண்ணாக்கா, பையனா?”

“பொண்ணு.” அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. வேறு என்னவாவது கேட்பான் என்று பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

தயாளன் வந்துவிட்டான். டிவிஎஸ்ஸை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, நீலக்கறை படிந்த கம்பெனிச் சட்டையோடு நடந்து வந்தான். கள்ளியைப் பார்த்தான். அப்புறம் அதன் அடியில் கிடந்த பால் டம்ளரைப் பார்த்தான்.

“இதானாப்பா?” என்றார் கோதண்டராமன்.

தயாளனின் பார்வை சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே ஓர் இடத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பி முத்துமாரியின் முகத்துக்கு வந்தது.

“ஆமா சார். இதான்.”

“சரி, இத வுட்டுடு” என்று ஹேமந்திடம் சொல்லிவிட்டு, கோதண்டராமனே கள்ளியைச் சுற்றிச் சுண்ணாம்பு வட்டம் போட்டார். ஜேசிபி வேறு பக்கம் திரும்பியது. கடப்பாரைகள் மறுபடி இறங்கின. புருஷன் பக்கத்தில் வந்து நிற்பான் என்று முத்துமாரி திரும்பினாள்.

அவன் சமன் செய்த பக்கம் நடந்துகொண்டிருந்தான். ஒரு பிளாட்டின் நடுவில் நின்றான், செருப்பைக் கழற்றினான். அவன் காலடியில், இடுப்பு உயரம்கூட வளராத ஓர் இளங்கள்ளி வேரோடு புரண்டு நசுங்கிக் கிடந்தது. ஒடிந்த இடத்திலிருந்து வடிந்த பால் மண்ணில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

முத்துமாரி அங்கே போய்ப் பார்த்தாள். யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் அவள் பால் ஊற்றியது எவனோ வரப்புக்கு நட்ட வேலிக்கு. பேசியதெல்லாம் அதனிடம்தான். தன் குழந்தை இந்தப் பக்கம் தனியாகக் கிடந்தது.

அவள் அழவில்லை. நசுங்காத ஒரு கொம்பாகப் பார்த்து ஒடித்து எடுத்தாள். அதோடு அந்த இடத்து மண்ணையும் ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்தாள். பார்க் மூலைக்கு வந்து, சுண்ணாம்பு வட்டத்துக்குள் கத்தி முனையால் குழி பறித்து, மண்ணைப் போட்டுக் கொம்பை நட்டாள். பொம்பளை கொம்பு நடக்கூடாது என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். பூவம்மாள் பார்த்தாள்; பார்த்துவிட்டுக் குனிந்து வேரை நோண்டினாள்.

நிமிர்ந்தபோது தயாளன் வண்டியருகே நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்த மாதிரி இருந்தது. முத்துமாரி கையிலிருந்த மண்ணைத் தட்டாமல் அப்படியே நின்றாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தான். முள்மரக் குவியல்களின் புகைக்குள் போய்விட்டான்.