சகலைகளுக்குப் பொதுவான கம்ப்யூட்டர்

அக்காவைக் கட்டியவர் கீழ்வீட்டில், தங்கையைக் கட்டியவர் மாடியில். இருவரும் ஒருவரையொருவர் "சகலை" என்றும், "வாங்க, போங்க" என்றும்தான் பேசிக்கொள்வார்கள். அந்த மரியாதையில் விஷம் தடவியிருக்கும்.

கீழே முன்னறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டர் இருவருக்கும் பொது. காலையில் மூத்த சகலை, கட்டப்போகும் வீடுகள் எப்படி இருக்கும் என்று அதில் படம் தயாரிப்பார். மதியத்துக்கு மேல் இளையவர் வீடியோ எடிட்டிங் செய்வார். பிராசஸருக்கு மேலிருந்து சூட்டைத் தணிக்கும் பழைய கூலரின் இரைச்சல் பொறுக்காமல், இளையவர் வேறொன்றை வாங்கி மாட்டினார். இரட்டை விசிறி, செங்கல் கனம்.

"என்னைக் கேக்காம எதுக்குக் கை வச்சீங்க?"

"கேட்டா வேண்டாம்னுதானே சொல்லுவீங்க, சகலை."

முதலில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. சில நாட்களில் வினை வந்தது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படங்களை முடித்துக் கொடுக்கவேண்டிய நேரம். பிராசஸர் சூடு தொண்ணூற்றெட்டு டிகிரியைத் தொட்டு, கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிட்டது. மூத்தவர் மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது.

"குரங்கு கையில பூமாலை கிடைச்ச கதையா ஆயிடுச்சு. போய்ச் சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட" என்று மச்சினியிடம் எரிந்து விழுந்தார்.

அவள் மாடிக்குப் போய்ச் சொன்னாள். இளையவர் தலைகூட நிமிரவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லு." அந்த வாரம் முழுக்க அவர் லேப்டாப்பிலேயே வேலை பார்த்துக்கொண்டார். கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

படங்களுக்காகக் காத்திருந்த கட்டடக்காரர் போனில் கத்தித் தீர்த்த அன்று, மூத்தவர் படியேறிப் போய் மாடிக் கதவை உதைத்தார். பின்னாலேயே ஓடிவந்த அக்கா இருவருக்கும் நடுவே நின்றாள்.

"வாய்ச்சண்டை போதும். கீழே வந்து கழட்டுங்க. நானும் தங்கச்சியும் பக்கத்திலேயே நிக்கிறோம்."

தங்கை டார்ச் அடிக்க, இளையவர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். கையை உள்ளே விட்டு, பின்பக்கக் கீழ் மூலை ஸ்க்ரூவைத் தளர்த்தினார். அப்புறம் மற்ற மூன்றையும். கூலரைத் தூக்கியபோது, சூட்டைக் கடத்த அடியில் பூசிய பேஸ்ட் அந்த முதல் மூலைப் பக்கம் நசுங்கித் தேய்ந்தும், எதிர்ப்பக்கம் தடித்து அப்பியும் இருந்தது.

"ஒரு மூலையை மட்டும் இறுக்கினா கூலர் சாயும். சாஞ்சா அடுத்த பக்கம் ஒட்டாது. அப்புறம் சூடு எப்படி இறங்கும்?" இளையவரின் குரலில் இனிப்பு சொட்டியது. "நான் நாலையும் சமமாத்தான் இறுக்கினேன். நடுவுல யாரு கை வச்சதுன்னு கேளுங்க."

மூத்தவரின் முகம் கறுத்தது. "லேசா ஆடுற மாதிரி இருந்துச்சு. ஒரு முறுக்கு முறுக்கினேன்."

"என்னைக் கேக்காம எதுக்குக் கை வச்சீங்க, சகலை?"

அவர் சிரித்து முடிப்பதற்குள் தங்கை டார்ச்சைத் தாழ்த்தினாள்.

"ஒரு நிமிஷம். நாலு ஸ்க்ரூ இருக்கு. நீங்க உள்ளே பாக்கக்கூட இல்ல, நேரா அந்த மூலைக்கே போனீங்க. அதுதான்னு எப்படித் தெரியும்?"

இளையவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்போ பாத்தீங்க?"

"அணைஞ்ச அன்னிக்கே. எல்லாரும் தூங்கினப்புறம்."

"பாத்துட்டு, திரும்ப மூடி வச்சுட்டு வந்தீங்களா?"

"அவர்தான் எல்லாம் தெரிஞ்சவராச்சே. அவரே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்."

அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "என் பொழப்புல மண்ணைப் போட்டீங்களே" என்றார் மூத்தவர்.

"மண்ணைப் போட்டது நீங்க. நான் அள்ளல, அவ்வளவுதான்."

பேஸ்ட்டை வழித்துப் புதிதாகப் பூசி, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். படவேலையை ஓடவிட்டபோது சூடு அறுபத்து நாலில் நின்றது. யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் கட்டடக்காரர் திரும்ப அழைத்தார்: வேலையை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

மாடியில் தங்கை லேப்டாப்பைப் புருஷன் முன்னால் தள்ளினாள்.

"இனிமே இதுலயே வேலை பாருங்க. கீழே போகாதீங்க."

"அந்தக் கம்ப்யூட்டர்ல எனக்கும் பங்கு இருக்கு."

"பங்கு இருக்கு. அங்க போய் நிக்க மூஞ்சி இல்ல" என்று சொல்லிவிட்டு, அவள் அக்காவைப் பார்க்கக் கீழே இறங்கிப் போனாள்.