பந்தியில் பாடியவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குள் விழுந்தபோது என் கையில் ரசம் வழிந்துகொண்டிருந்தது. திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு மாலை, இரண்டாவது பந்தி. இதைவிடக் கௌரவமான தொடக்கம் வேண்டுமென்று பிறகு முயன்று பார்த்தேன்.

'மிலான் நகரத்து அரங்கில் கைதட்டல் ஓயாதபோது ரம்யாஸ்ரீ மதுரையை நினைத்து—'

வேண்டாம். அப்போது அவள் என்ன நினைத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கால்வலியை நினைத்திருப்பாள்.

(அவள் ஆப்பெரா பாடகி. ஆப்பெரா என்றால் வசனமும் பாட்டாகவே வரும் ஐரோப்பிய நாடகம். மைக் கிடையாது. பாடுகிறவரின் குரல் தானாகவே கடைசி வரிசைவரை போய்ச் சேரவேண்டும்.)

2

ரம்யாஸ்ரீ மதுரை கீழவாசல் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அப்பா சௌரிராஜனுக்கு ஜவுளிக்கடை. கல்லூரியில் படிக்கும்போதே, காளவாசலில் சிவபாண்டி நடத்திய இன்னிசைக் குழுவில் சேர்ந்து கல்யாண வீடுகளில் பாடினாள். மேடை மாடியில் இருக்கும். பந்தி கீழே நடக்கும். பாட்டு ஒலிபெருக்கி வழியாக இறங்கிவரும். யாரும் இலையிலிருந்து தலையைத் தூக்கமாட்டார்கள்.

"ஒரு நாளாச்சும் பந்தியில அத்தன பேரும் கைய நிப்பாட்டிட்டுக் கேக்கணும்ணே," என்பாளாம் சிவபாண்டியிடம். அவளுடைய முதல் லட்சியம் அதுதான். மிலான் எல்லாம் பிறகு வந்தது.

ஒருநாள், இதே திருமங்கலம் மண்டபத்தில், குரலை முழுசாகத் திறந்துவிட்டாள். பெண்வீட்டுக்காரர் ஒருவர் மாடியேறி வந்தார்.

"சாப்பிட விடுங்கப்பா! பாட்டா இது, கூப்பாடா?"

சிவபாண்டி அவள் மைக்கின் சத்தத்தைக் குறைத்தார். அடுத்த கச்சேரிக்கு அவளைக் கூப்பிடவில்லை.

3

முதல் வரைவில் சிவபாண்டியை வில்லனாக்கி, முரட்டு மீசையும் வைத்துவிட்டேன். பிறகு அவரிடம் நேரிலேயே கேட்டேன்.

"அடுத்த புக்கிங் போயிருமோன்னு பயந்தேன் சார். அவ குரலு பெருசுன்னு எனக்குத் தெரியும். அத வைக்கிறதுக்கு எங்கிட்ட எடம் இல்ல."

மீசையை எடுத்துவிட்டேன்.

அந்தக் குரலுக்கு இடம் தேடி அவள் சென்னைக்குப் போனாள். மேற்கத்திய சங்கீதம் கற்றாள். அங்கிருந்து ஜெர்மனி. அரங்குகள் வைத்த குரல் தேர்வுகளில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினார்கள். ஒரு குளிர்காலம் முழுக்கத் தொண்டை கட்டி, பேச்சே வரவில்லை. ('இருந்தாலும் மனம் தளராமல்' என்று எழுதி அடித்தேன். தளர்ந்திருக்கிறாள். ஊருக்கு டிக்கெட்கூட எடுத்திருக்கிறாள்.) கிளம்பும் முன் கடைசியாக ஒரு தேர்வுக்குப் போனாள். அதில் எடுத்துக்கொண்டார்கள். சில வருடங்களில் அவள் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கும் கூட்டம் உருவானது.

இந்த ஆண்டு மதுரையில் அவளுக்குப் பாராட்டு விழா. அங்கே வந்த சிவபாண்டி தயங்கித் தயங்கிக் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்.

"மேடம், எம் மக சரண்யாதேவிக்குக் கல்யாணம். அதே திருமங்கலம் மண்டபந்தான்..."

"மேடமா? பாப்பான்னுதானேண்ணே கூப்பிடுவீங்க? வாரேன். பாடவும் செய்றேன். ஆனா மேடையில இல்ல, பந்தியில."

4

வரவேற்பு மாலை, இரண்டாவது பந்திக்கு நடுவே வந்து நின்றவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சாம்பார் வாளிக்காரர் வழிவிடச் சொன்னார். சிவபாண்டி கைபேசியில் சுருதியை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"மைக் கொண்டாரச் சொல்லவா பாப்பா? அம்புட்டுச் சத்தமா இருக்கு."

"வேணாம்ணே."

முந்தானையை இடுப்பில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். (பிறகு கேட்டேன். "எந்த நாட்டுலயும் இம்புட்டுப் பயந்ததில்ல," என்றாள்.)

தணிந்த குரலில் தொடங்கினாள். இத்தாலியப் பாட்டு. போனவன் வருவான் என்று காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டாம். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். அப்புறம் குரல் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. என் பக்கத்திலிருந்த சிவபாண்டியின் அத்தை ராமக்காள் அப்பளத்தை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினார். பாயசம் ஊற்றியவரின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஒரு வரிசை, அடுத்த வரிசை, கைகழுவப் போனவர்கள், எல்லாரும். அன்று குறைக்கப்பட்ட அந்தக் குரல் இப்போது கூரைவரை நிறைந்து நின்றது. குறைக்கத் திருகு எதுவும் இல்லை.

முடித்தாள். எச்சில் கையோடு எப்படிக் கைதட்டுவது? இடது கையால் மேசையைத் தட்டினார்கள். டம்ளர்கள் குதித்தன.

5

முடிவுகள்:

(அ) பாட்டின் நடுவே மின்சாரம் போகிறது, இருட்டில்— நடக்கவில்லை. ஜெனரேட்டர் உள்ள மண்டபம்.

(ஆ) சிவபாண்டி அழுதபடி மன்னிப்பு— இதுவும் இல்லை. மனிதர் வரிசை வரிசையாக ஓடி, "எங்க குழுவுல பாடுன பிள்ளை! எங்க பிள்ளை!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

(இ) நடந்தது இது. ராமக்காள் எழுந்து நின்றார்.

"ஏ தாயி, ஒரு வார்த்தையும் வெளங்கல. ஆனா இன்னொண்ணு பாடு!"

ரம்யாஸ்ரீ வாய்விட்டுச் சிரித்தாள். "என்ன பாட்டு வேணும் அத்தை? இலையில ஆறுது, நீங்க சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. நான் பாடுறேன்."

பந்தி முழுக்க ஆளுக்கொரு பாட்டைக் கேட்டுக் கத்தியது. அவள் கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தாள்.

அடுத்த வரியை எழுதி எழுதி அடிக்கிறேன். நான் எந்தப் பாட்டை எழுதினாலும், உங்களில் பாதிப்பேர் வேறொன்றைக் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கும் ஓர் இலை போட்டிருக்கிறது. உட்கார்ந்து, உங்களுக்கு வேண்டிய பாட்டை உரக்கக் கேளுங்கள்.

சீக்கிரம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.