பங்காளிப் பெட்டி

“ஒங்க வீட்டுல நெட் வருதாண்ணே?”

மாலையோடு வந்தவர் திகைத்துப்போய் நின்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆண்டிச்சாமி கிடக்கிறார். மகள் சரண்யாதேவி அவர் தலைமாட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறாள்.

“எழவு வீட்டுல கேக்குற கேள்வியாடி இது?” என்று அம்மா செல்லக்கிளி தலையில் அடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லை. அண்ணன் பீமாராவ் கத்தாரில் இருக்கிறான். அவனுக்கு விமானம் நாளைக்குத்தான். இங்கே நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். வீடியோவிலாவது அப்பா முகத்தைக் காட்டு என்று காலையிலிருந்து அழுகிறான். ஆனையூரின் அந்த மூலையில் செல்போனில் பேச்சு கேட்கும், படம் ஓடாது. கேபிள் நெட்டைத்தான் எல்லா வீடும் நம்பியிருந்தது. அது பதினோரு மணிக்குப் படுத்துவிட்டது. இருபது வருஷமாக அதைக் கட்டிக் காத்தவரோ காலையிலேயே போய்விட்டார்.

கூட வேலை பார்த்த மலையாண்டி பைக்கில் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தார். எந்தக் கம்பத்திலும் அவர் ஏறிவிடுவார். எந்தக் கம்பம் என்று சொல்வது மட்டும் ஆண்டிச்சாமி. உட்கார்ந்த இடத்திலிருந்தே, “ரைஸ்மில் முக்குல பாரு” என்பார். அங்கேதான் இருக்கும்.

அந்த மண்டையில் இருந்ததைத்தான் சரண்யாதேவி ஒரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவந்தாள். எம்.இ. புராஜக்ட். கம்பங்களில் தொங்கும் கேபிள் பெட்டிகளில் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்ற படம் மட்டும் போதாது. என்ன உறவில் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லிக்கொடுத்துவிட்டால், கோளாறு எங்கே என்று கம்ப்யூட்டரே யோசித்துச் சொல்லும். அதற்கு ஆன்டாலஜி என்று பெயர் என்றதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஆண்டிலாஜியா? எம் பேருல ஒரு படிப்பா! ஒங்க வாத்தியாருக்குத் தெரியுமா?”

இன்றைக்கு அந்த ஆண்டிலாஜி காலை வாரிவிட்டது. கோளாறு இருக்கலாம் என்று பதினோரு பெட்டிகளைக் காட்டியது. பதினொன்றையும் திறந்து பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மணி இப்போதே ஒன்றரை.

வாசலில் சித்தப்பா சின்னான் குரல் கொடுத்தார். “பங்காளிக எல்லாம் நீர்மாலைக்குத் தண்ணி எடுக்க வாங்கப்பா!”

குடங்களோடு ஒரு கூட்டம் எழுந்தது. பீமாராவின் மாமனார் காளையும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

“சம்பந்தி, நீங்க எங்க வாரீக? உக்காருங்க.”

“ஏன், நானும் சொந்தந்தான?”

“சொந்தந்தான், யாரு இல்லைன்னா? ஆனா ஒரு வேருல மொளச்சவிங்களுக்குத்தான தீட்டு? நீங்க கோடித்துணி போட வாங்க.”

சரண்யாதேவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ரைஸ்மில் பெட்டியும் கோயில் பெட்டியும் பங்காளி, பள்ளிக்கூடத்துப் பெட்டி சம்பந்தி என்று அப்பா சொல்லியிருந்தார். அதை அப்படியே குறிப்பில் தட்டி வைத்தவள், அவர் கேலி பேசுகிறார் என்று நினைத்து, எல்லாவற்றையும் ‘இணைப்பு’ என்ற ஒரே உறவில் போட்டுவிட்டாள். படித்த திமிர்! அவர் கணக்காகத்தான் சொல்லியிருக்கிறார். ஒரே தாய்ப்பெட்டியிலிருந்து பிரிந்தவை பங்காளி; தாய்ப்பெட்டி விழுந்தால் அம்புட்டுக்கும் தீட்டு. வேறு பக்கமிருந்து வந்து ஒரு ஒயரால் உறவு கொண்டாடுவது சம்பந்தி. இங்கே இருட்டானாலும் அங்கே விளக்கு எரியும்.

குறிப்பைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு உறவாக மாற்றினாள். பங்காளி, பங்காளி, சம்பந்தி, பங்காளி. விரல்கள் ஒன்றையொன்று முந்தின.

“ரைஸ்மில் தெருக்காரவுக யாரு? நெட் இருக்கா?”

“இல்லம்மா.”

“கோயில் தெரு?”

“அதுவும் செத்துக் கெட...” என்ற ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“பள்ளிக்கூடத் தெரு?”

செல்லக்கிளிதான் எழுந்தாள். “கேக்குறாள்ல, வாயத் தெறந்து சொல்லுங்கப்பா! எம் மகன் மொகம் பாக்கணும்.”

“எங்க தெருவுல நல்லா ஓடுது தாயி” என்றது ஒரு குரல்.

தட்டினாள். பதினொன்று ஒன்றாகிவிட்டது: ரைஸ்மில்லுக்கும் கோயிலுக்கும் தாய்ப்பெட்டி.

“தண்ணித்தொட்டிப் பெட்டி!” என்று கத்திவிட்டாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அப்பா செத்துக்கிடக்கும் வீட்டில் அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அதை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மலையாண்டிக்குப் போன் போட்டுச் சொன்னாள். கால்மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

“பாப்பா, அதே எடந்தான்! அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டுனாய்ங்கள்ல, கம்பிய இழுத்துக் கட்டயில ஒயரப் புடுங்கி விட்டுட்டாய்ங்க. ஒட்டிட்டு வாரேன்.”

மூன்றேகாலுக்கு மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பீமாராவ் திரையில் வந்தான். செல்லக்கிளி போனைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, “பாருய்யா, ஒங்கப்பாவ நல்லாப் பாத்துக்க” என்றாள்.

அப்போது அலமாரியில் இருந்த ஆண்டிச்சாமியின் போன் அடித்தது. சரண்யாதேவி எடுத்தாள்.

“அண்ணே, உசுரு வந்துருச்சு!”

மலையாண்டியின் குரல். வேலை முடிந்ததும் கை பழக்கத்தில் அந்த நம்பரைப் போட்டுவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் கம்பத்து உச்சிக் காற்று இரைந்தது.

அப்பா இதற்கு என்ன பதில் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

“சரி” என்றாள். “பாத்து எறங்குங்க.”